கருப்புக் கல்லுக்கு வேலை தேடுவது

பள்ளிபாளையத்துப் பழைய இரும்புக் கடையில் செம்புக்கு விலை உண்டு, அலுமினியத்துக்கு உண்டு, டிவி போர்டுக்கும் எடைபோட்டுக் காசு கொடுப்பார்கள். ஃபெரைட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. பழைய டிவியின் யோக் காயிலைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் செம்புக் கம்பி கோணிக்குள் போகும், நடுவில் இருந்த கருப்பு வளையம் சுவரோரம் விழும். கேட்டால், "அது காந்தக் கல்லுங்கண்ணா, வேணும்னா சும்மா எடுத்துக்குங்க" என்பார்கள்.

அமெச்சூர் ரேடியோ ஆசை உள்ளவருக்கு அந்தச் சுவரோரம் போதும். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஊரெங்கும் வந்த 14 அங்குலப் பெட்டிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. 2011க்குப் பிறகு மாணவர்களுக்கு வந்த இலவச மடிக்கணினிகளின் அடாப்டர்களும் இதே கடைகளுக்குத்தான் வருகின்றன. எல்.இ.டி வந்ததும் ஒதுக்கிய சி.எஃப்.எல் பல்புகள், கம்ப்யூட்டர் சென்டர் மூடியபோது எடைக்குப் போட்ட பவர் சப்ளைகள் என்று எதைத் திறந்தாலும் உள்ளே இரண்டு மூன்று கோர் இருக்கும். ஆனால் எதன் மேலும் பெயர் இருக்காது. சர்க்யூட் வரைபடமோ 'எஃப்.டி. 50-43', 'டி 50-2' என்று கறாராகக் கேட்கும். அமெரிக்கக் கம்பெனிகளின் அளவும் கலவை எண்ணும் அவை. ஒரே ஒரு வளையத்துக்காக வெளியூருக்கு ஆர்டர் போட்டால் கூரியர் செலவு கோரின் விலையைத் தாண்டிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே நல்ல பதில் சொன்னவர் ஒருவர் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், அழைப்புக்குறி வி.யூ.2 ஈ.எஸ்.ஈ., 2000களின் தொடக்கத்தில் 14 மெகாஹெர்ட்ஸில் 6 வாட் தரும் பிட்எக்ஸ் டிரான்ஸீவரை வடிவமைத்தார். இந்தியக் கடைகளில் டொராய்டு எனப்படும் வளையக் கோர் கிடைப்பது அரிது என்பதால், டியூன் செய்யும் காயில்களைத் தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷர் மேல் சுற்றச் சொன்னார். அகலப்பட்டை டிரான்ஸ்பார்மர்களுக்கு டிவி ஆன்டெனாவில் வரும் இரட்டைத் துளை பாலன் கோர். வாஷருக்குக் காந்த குணமே கிடையாது. ஆனாலும் அந்த ரேடியோவை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் கட்டினார்கள், பேசினார்கள். இந்த இடத்தில் எவ்வளவு இண்டக்டன்ஸ் வேண்டும், எவ்வளவு இழப்பைத் தாங்கலாம் என்று அவர் பார்த்தார். கோரின் பெயரில் அவர் தொங்கவில்லை.

கீழே உள்ள எல்லாமே அந்தப் பார்வையில்தான். கையில் இருக்கும் கல் கலவை 43ஆ, 61ஆ என்று சாதிக்க முடியாமலே போகலாம். அது எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை ஒரு மாலைப் பொழுதில் கண்டுபிடித்துவிடலாம்.

வளையங்கள் மூன்று குடும்பம். மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட்டுக்கு மியூ, அதாவது காந்த ஊடுதிறன், ஆயிரத்துக்கு மேல், சிலவற்றில் பத்தாயிரத்தையும் தாண்டும். பவர் சப்ளை வேலைக்கென்று செய்தது, மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போனால் தளர்ந்துவிடும். நிக்கல்-துத்தநாக ஃபெரைட்டின் மியூ சில பத்துகளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) அலைவரிசைகளுக்குப் பொதுவாக இதுதான் தோது. மூன்றாவது இரும்புத்தூள் கோர். பெயிண்ட் பூசியிருக்கும், மியூ மிகக் குறைவு, நூறைத் தாண்டாது. ஃபெரைட்டை 1930ல் டோக்கியோவில் கண்டுபிடித்தவர்கள் கட்டோ, டாக்கேய் என்ற இருவர். அதை விற்கவே 1935ல் டி.டி.கே. கம்பெனி பிறந்தது. கேசட் வாங்கிய தலைமுறைக்கு அந்தப் பெயர் வேறு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும்.

செய்ய வேண்டியவை

எதிலிருந்து கழற்றினீர்கள் என்று முதலில் எழுதுங்கள். மீட்டரை எடுக்கும் முன்பே பாதி விடை இதில் கிடைத்துவிடும். எந்தத் தயாரிப்பாளரும் தேவைக்கு மேல் நல்ல கோரைப் போட்டுக் காசை வீணாக்க மாட்டார்.

மடிக்கணினி அடாப்டர் வயரிலும் பழைய மானிட்டர் கேபிளிலும் உருளை போலப் புடைத்திருப்பதை அறுத்தால் பெரும்பாலும் நிக்கல்-துத்தநாகம். சோக் செய்யவும் சிறிய அகலப்பட்டை டிரான்ஸ்பார்மருக்கும் முதல் தேர்வு அதுதான். டிவி ஆன்டெனாவின் இரட்டைத் துளை பாலனும் அதே குடும்பம். சி.எஃப்.எல் பல்பின் அடிப்பகுதிக்குள் மூன்று சுற்றாகக் கம்பி ஓடும் பட்டாணி அளவு வளையம் மாங்கனீசு வகை. பக்கத்தில் இருக்கும் ஈ வடிவச் சோக்கும் அதேதான். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் எதிரெதிராக இரண்டு கம்பி சுற்றிய வளையம் இருந்தால், மியூ பல ஆயிரம் உள்ள மாங்கனீசு ஃபெரைட். அதே பெட்டியில் டிசி வெளியே போகும் பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும் தடித்த வளையம் இரும்புத்தூள், கலவை 26. மீடியம் வேவ் ரேடியோவின் ஃபெரைட் ராடு இரண்டு குடும்பத்திலும் வரும், அதை அளந்துதான் சொல்ல முடியும். டிவியின் ஈ.எச்.டி டிரான்ஸ்பார்மரில் இருக்கும் யு வடிவக் கோர் மாங்கனீசு.

யோக் வளையம் தனிக் கதை. மாங்கனீசு, மக்னீசியம், துத்தநாகம் மூன்றும் கலந்த ஃபெரைட்டில் நிறைய யோக்குகள் வந்தன. பெரிதாக இருப்பதால் ஆன்டெனா பாலனுக்கு ஹாம்கள் இதை விரும்பி எடுப்பார்கள். இரண்டு பாதியாக வெட்டி கிளிப் போட்டிருக்கும். பாதிகளை மாற்றிப் போட்டுவிடாமல், கழற்றும்போதே இரண்டு பக்கமும் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லைப் பிளந்து செய்தது என்பதால் அதன் ஜோடியோடு மட்டும்தான் இடைவெளியில்லாமல் பொருந்தும்.

மல்டிமீட்டரை ஓம் வரம்பின் உச்சியில் வைத்து இரண்டு முனைகளையும் கோரின் மேல் அழுத்துங்கள். பூச்சு இருந்தால் இரண்டு இடத்தில் பிளேடால் சுரண்டிக்கொள்ளுங்கள். சில கிலோ ஓமிலிருந்து சில நூறு கிலோ ஓமுக்குள் எண் வந்தால் மாங்கனீசு வகை, அது சற்று மின்சாரம் கடத்தும். எதுவுமே காட்டாமல் மீட்டர் திறந்தே கிடந்தால் நிக்கல் வகையாக இருக்க நல்ல வாய்ப்பு. அரை நிமிட வேலை இது. ஆனால் மாங்கனீசு என்று தெரிந்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹாம்கள் ஆன்டெனா சோக்குக்குப் போட்டிபோட்டு வாங்கும் 31ஆம் எண் கலவையும் மாங்கனீசு குடும்பம்தான்.

ஒரு குண்டூசியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். வளையமே ஊசியை இழுத்தால் அது ஸ்பீக்கர் காந்தம். பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஃபெரைட்டில் செய்த நிலைக்காந்தங்கள் கண்ணுக்கு அதே கருப்பு, அதே கனம். கோராக எதற்கும் ஆகாது.

பிறகு கம்பி சுற்றி அளக்க வேண்டும். நிஜமான விடை இங்கேதான் கிடைக்கும். எல்.சி.ஆர். மீட்டர் ஒன்று போதும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் வருடக் கணக்கில் ஓடும். இன்சுலேஷன் உள்ள கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி இண்டக்டன்ஸை எடுங்கள். வந்த எண்ணை நூறால் வகுத்தால், அதாவது சுற்றின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கான இண்டக்டன்ஸ் கிடைக்கும். ஏ.எல். என்று அட்டவணைகளில் போடுவது இதைத்தான்.

மியூ வேண்டுமென்றால் வெர்னியரால் மூன்று அளவு எடுங்கள்: வெளி விட்டம், உள் விட்டம், உயரம். வெளியை உள்ளால் வகுத்துக் கால்குலேட்டரில் எல்.என். பொத்தானை அழுத்தி, வந்ததை மில்லிமீட்டரில் உள்ள உயரத்தால் பெருக்கி, அதையும் 0.2ஆல் பெருக்குங்கள். அந்த எண்ணால் நானோஹென்றியில் உள்ள ஏ.எல்.ஐ வகுத்தால் மியூ வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, சர்க்யூட்டுகளில் அடிக்கடி வரும் அரை அங்குல வளையம்: வெளியே 12.7, உள்ளே 7.15, உயரம் 4.9 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 0.56 வரும். பத்துச் சுற்றில் மீட்டர் 45 மைக்ரோஹென்றி காட்டினால் ஏ.எல். 450 நானோஹென்றி, மியூ 800 பக்கம். 43ஆம் கலவையின் எண் அது. 7 மைக்ரோஹென்றிதான் காட்டுகிறதா? மியூ 125, கலவை 61ஐ ஒட்டிய சரக்கு. 280 காட்டினால் மியூ ஐயாயிரம், பவர் சப்ளையின் நுழைவாயிலிலிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சிவப்பு பூசிய இரும்புத்தூள் வளையம் அதே அளவில் அரை மைக்ரோஹென்றிதான் காட்டும். மலிவு மீட்டர் அந்த இடத்தில் தடுமாறும். அதனால் இண்டக்டன்ஸ் குறைவாக வந்தால் இருபது, முப்பது சுற்றாக்கி மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்தக் கணக்கு குழப்பும். மஞ்சள்-வெள்ளை இரும்புத்தூள் வளையத்தின் மியூ 75. அதே அளவில் பத்துச் சுற்றுக்கு மூன்று, நான்கு மைக்ரோஹென்றி காட்டும். 61ஆம் ஃபெரைட் ஏழு காட்டும். அளவில் சின்ன வித்தியாசம் இருந்தாலே இரண்டும் நெருங்கிவிடும். இரண்டும் மல்டிமீட்டரில் பேசாமல் கிடக்கும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் 61 அருமையான சரக்கு, மஞ்சள்-வெள்ளை வெறும் சூடு. பிரித்துப் பார்க்க ஓரத்தில் லேசாக அரம் போடுங்கள். இரும்புத்தூள் உலோகப் பளபளப்புடன் மின்னும். ஃபெரைட் பீங்கான் போல இறுகி அரத்தை வழுக்கும், உடைந்த இடம் கருப்பாக இருக்கும். அதிலும் சந்தேகம் என்றால் கியூ, அதாவது காயிலின் இழப்பு எவ்வளவு குறைவு என்று காட்டும் எண், அளந்துதான் தீர்க்க வேண்டும்.

கியூ அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. காயிலோடு ஒரு நல்ல கெபாசிட்டரைச் சேர்த்து, வேண்டிய அலைவரிசையில் ரெசனன்ஸ் எவ்வளவு கூர்மையாக வருகிறது என்று பார்த்தால் போதும். சிவப்பு டி 50-2 வளையத்தில் இருபது சுற்று ஏறக்குறைய 2 மைக்ரோஹென்றி. 260 பிகோஃபாரட் சேர்த்தால் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே நிற்கும், சிகரம் ஊசி போல இருக்கும். உங்கள் அநாமதேய வளையத்திலும் 2 மைக்ரோஹென்றி வரும்படி சுற்றி அதே கெபாசிட்டரைப் போடுங்கள். சிகரம் தட்டையாகப் பரந்து கிடந்தால் அதை ஆசிலேட்டருக்கோ ஃபில்டருக்கோ நினைக்கவே வேண்டாம்.

நானோ வி.என்.ஏ. என்ற சிறிய அளவுக் கருவி கிடைத்தால் இரண்டு மூன்று சுற்று மட்டும் போட்டு 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து 30 வரை ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் இரண்டு எண் தனித்தனியாக வரும்: ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ். ரியாக்டன்ஸ் ஏறிக்கொண்டே போய் ரெசிஸ்டன்ஸ் அடியில் கிடக்கும் வரை கோர் இண்டக்டராக இருக்கிறது. ரெசிஸ்டன்ஸ் எழும்பி ரியாக்டன்ஸைத் தாண்டும் இடத்திலிருந்து அது சோக். பவர் சப்ளை ஃபெரைட்டில் இந்தத் தாண்டல் சீக்கிரமே நடந்துவிடும். 43 வகையில் சில மெகாஹெர்ட்ஸில் நடக்கும். 61 வகையில் 20ஐத் தாண்டியும் நடக்காது. கலவை எண்ணைவிட இந்தத் தாண்டல் புள்ளி அதிகம் சொல்லும். நோட்டில் அதைத்தான் குறித்து வைக்க வேண்டும். சுற்று மட்டும் அதிகம் போட்டுவிடாதீர்கள். கம்பிகளுக்கிடையே உள்ள கெபாசிட்டன்ஸ் தனியாக ஒரு ரெசனன்ஸை உண்டாக்கி, கோர் செய்தது போல ஏமாற்றும்.

அளந்த பிறகு வேலை கொடுங்கள். டியூன் செய்யும் காயிலுக்கும் ஃபில்டருக்கும் இழப்பு கூடவே கூடாது. சிவப்பு, மஞ்சள் இரும்புத்தூள் கோர்களும், தாண்டல் புள்ளி வெகு தூரத்தில் உள்ள ஃபெரைட்டும்தான் ஆகும். கிடைக்கவில்லையா, ஃபர்ஹானின் வாஷர் இருக்கிறது. அகலப்பட்டை டிரான்ஸ்பார்மர் அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. 50 ஓம் பக்கத்துச் சுற்றின் ரியாக்டன்ஸ் உங்கள் கடைசித் தாழ் அலைவரிசையில் 200, 250 ஓம் இருந்தால் போதும். 7 மெகாஹெர்ட்ஸில் அது ஆறு மைக்ரோஹென்றிக்குள் அடங்கிவிடும். ஏ.எல். 450 உள்ள வளையத்தில் நாலு சுற்று. ரிசீவருக்குள் வரும் மில்லிவாட் சமாச்சாரத்துக்கு சி.எஃப்.எல் வளையம் கூட ஒப்பேற்றும். கியூ ஏன் இல்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை.

மூன்றாவது வேலை சோக். அங்கே இழப்புதான் வேண்டும். பள்ளிபாளையத்துக்காரருக்கு அது அடிக்கடி தேவைப்படும். விசைத்தறிக் கூடங்களில் பழைய ட்யூப்லைட் போய் எல்.இ.டி வந்தபின், மலிவு டிரைவர்கள் உமிழும் இரைச்சல் 40 மீட்டர் அலைவரிசையில் கம்பளி போட்டு மூடியது போலக் கிடக்கிறது. தறி மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டு இன்வெர்ட்டர் போட்ட கூடம் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். கேபிள் உருளைகளில் நல்லதாகத் தேர்ந்து, ரேடியோவின் பவர் வயரையும் ஆன்டெனா கோஆக்ஸையும் அதற்குள் நாலைந்து முறை நுழைத்து எடுங்கள். ஒரு முறை மட்டும் நுழைத்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லையே' என்பவர்களே அதிகம். இம்பீடன்ஸ் சுற்றின் வர்க்கத்தில் ஏறும். நாலு முறை நுழைத்தால் ஏறக்குறைய பதினாறு மடங்கு. கூடத்துக்காரர் பழக்கமானவர் என்றால், மெயினை அணைத்துவிட்டு அவர் முன்னாலேயே இரைச்சல் கொட்டும் விளக்கின் வயரில் ஒன்று மாட்டிப் பார்க்கலாம். இரைச்சலை அது பிறக்கும் இடத்தில் அடைப்பதுதான் எப்போதும் சுலபம்.

கம்பி சுற்றும் முன் பூச்சில்லாத கோருக்கு டெஃப்லான் டேப் ஒரு சுற்று போடுங்கள், பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் அதே வெள்ளை டேப். ஃபெரைட்டின் விளிம்பு எனாமலைச் சீவிவிடும். மாங்கனீசு வகை மின்சாரம் கடத்தும் என்பதால், இரண்டு இடத்தில் சீவினால் சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆகி அளவெல்லாம் தப்பாக வரும்.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு சிறு கவர், மேலே ஒரு சீட்டு: எதிலிருந்து, அளவு, ஏ.எல்., தாண்டல் புள்ளி. கலவை எண் என்று நிச்சயமில்லாமல் எதையும் எழுத வேண்டாம். 'ஏழில் சோக்குக்கு நன்று' என்று எழுதினாலே போதும்.

செய்யக்கூடாதவை

நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிவப்பு என்றால் கலவை 2, மஞ்சள் என்றால் 6, மஞ்சள்-வெள்ளை என்றால் 26, பச்சை-நீலம் என்றால் 52 என்பது மைக்ரோமெட்டல்ஸ் கம்பெனி இரும்புத்தூளுக்கு வைத்த நிறங்கள். ஃபெரைட்டுக்கு அப்படிப் பொது நிற முறை எதுவும் கிடையாது. ஃபெராக்ஸ்கியூப் கம்பெனியோ தன் ஃபெரைட் வளையங்களுக்குத் தனியாக ஒரு நிற வரிசை வைத்திருக்கிறது. ஊதா என்றால் மியூ 125 உள்ள 4சி65, இளஞ்சிவப்பு என்றால் 850 உள்ள 4ஏ11. பச்சை பூசிய சீன வளையம் எதுவாகவும் இருக்கலாம். மஞ்சள் வளையம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, மறு பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்க்காமல் ஃபில்டரில் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. நிறம் சந்தேகத்தைத் தொடங்கி வைக்கட்டும், முடிவை மீட்டர் சொல்லட்டும்.

காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து ஃபெரைட்டையும் இரும்புத்தூளையும் பிரிக்க முயலாதீர்கள். இரண்டும் ஒட்டும்.

சுற்றைத் தப்பாக எண்ணாதீர்கள். வளையத்தின் துளை வழியே கம்பி எத்தனை முறை போகிறதோ அத்தனை சுற்று. நேராக ஒரு முறை நுழைந்து வெளியே வந்தாலே ஒன்று. வெளிப்பக்கம் தெரியும் வளைவுகளை எண்ணினால் ஒன்று குறையும். பத்தில் ஒன்று குறைந்தால் இண்டக்டன்ஸ் ஐந்தில் ஒரு பங்கு தப்பும், மியூவும் கூடவே தப்பும்.

ஒட்டிய கோரை அளந்து அதன் பொருளைச் சொல்லாதீர்கள். உடைந்த ஃபெரைட்டைப் பசை போட்டு ஒட்டினால் நடுவில் மயிரிழை இடைவெளி நிற்கும், மியூ அடியோடு இறங்கியது போலக் காட்டும். போன் சார்ஜரிலிருந்து கழற்றிய ஈ வடிவக் கோர்களில் நடுக்காலை வேண்டுமென்றே தேய்த்து இடைவெளி விட்டிருப்பார்கள். அதனால் மியூ கணக்கு அங்கே செல்லாது. கேபிளில் மாட்டும் கிளிப் உருளையிலும் இதே தொல்லை, இறுக்கிப் பிடித்தால் ஓர் எண், விட்டால் வேறு.

பிரித்தெடுக்கும் அவசரத்தில் பசையோடு மல்லுக்கட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் கோரைக் கொதிக்கும் நீரில் சிறிது நேரம் போட்டால் பசை இளகும், துணியால் பிடித்து மெல்ல அசைத்தால் வந்துவிடும். சூட்டோடு பச்சைத் தண்ணீரில் போட்டால் விரிசல் விடும்.

பவர் சப்ளையைத் திறந்ததும் உள்ளே விரல் விடாதீர்கள். மெயினை எடுத்த பிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். டிவியின் பிக்சர் ட்யூபில் ஈ.எச்.டி மூடிக்குக் கீழே அதைவிட வெகு அதிகமாகத் தேங்கியிருக்கும். யோக் வேண்டுமென்றால் இதில் பழக்கமுள்ள டிவி மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சி.எஃப்.எல் பல்பின் கண்ணாடியை உடைக்காமல் பிளாஸ்டிக் அடிப்பகுதியை மட்டும் பிரியுங்கள், குழாய்க்குள் பாதரசம் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே வேண்டாம். அதன் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய வளையங்களும் நிலைக்காந்தம்தான், நமக்குப் பயனில்லை.

ஃபெரைட்டை உலர்ந்தபடி கிரைண்டரில் தேய்க்காதீர்கள். அந்தத் தூளில் நிக்கல் இருக்கலாம். ஓரத்தைத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் விட்டு, முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு கையால் தேயுங்கள்.

பெயர் தெரியாத கோரை முதல் நாளே முழு பவரில் ஆன்டெனாவில் கட்டாதீர்கள். டம்மி லோடில் ஐந்து வாட் கொடுத்து ஒரு நிமிடம், அணைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பத்து, பிறகு இருபத்தைந்து. 43, 31 போன்ற கலவைகள் 130 டிகிரியைத் தாண்டினால் காந்த குணத்தை இழந்துவிடும். அந்த நொடியில் டிரான்ஸ்பார்மர் வெறும் கம்பியாகிப் பைனல் டிரான்சிஸ்டரைக் கொண்டு போகும். ஆறினால் கோர் பழையபடி ஆகிவிடும், டிரான்சிஸ்டர் ஆகாது. இரும்புத்தூளோ வேறு விதம். நீண்ட நாள் சூட்டில் அதன் பிணைப்புப் பசை கெட்டு இழப்பு கூடிக்கொண்டே போகும். பெயிண்ட் கருகி, பழுப்பேறி வந்த பவர் சப்ளை வளையத்தை எடுத்து வைக்கவே வேண்டாம்.

உரிமம் கைக்கு வரும் முன் ஆன்டெனாவில் ஒரு வாட் கூட விடாதீர்கள். மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. நடத்தும் தேர்வில் மட்டுப்படுத்தப்பட்ட பிரிவுக்கு மோர்ஸ் தேவையில்லை, பன்னிரண்டு வயதிலிருந்தே எழுதலாம். அதுவரை கோர்களை அளந்து, ரிசீவர் கட்டி, சோக் சுற்றி இரைச்சலை அடக்கிக்கொண்டிருக்கலாம். உரிமம் வாங்கியவர்களும் பாதி நேரம் செய்வது அதைத்தான்.

கடைக்காரரிடம் 'இது அபூர்வச் சாமான்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் கிலோவுக்கு விலை வைத்துவிடுவார்.